எண்ணச் சொன்ன சிஸ்டர்

என் மகளின் வயிற்றில் இருந்த குழந்தை எத்தனை நிமிடத்தில் பத்து முறை அசைந்தது என்று குறித்துவைக்கும் தாளில் நான்கு கட்டங்களை நான் பொய்யாக நிரப்பினேன். குழந்தை இறந்தது. பழி, அந்தத் தாளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த நர்ஸின் மேல் விழுந்தது. அப்படி விழும்படி புகார்க் கடிதம் எழுதியவனும் நான்தான். முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். செய்முறைத் தேர்வில் அளக்காமலே அளவுகளை எழுதிவைக்கும் பையன்களைத் தேடிப்பிடித்துப் பூஜ்யம் போட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதுவது அந்த நர்ஸைப் பற்றி.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரியிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘தியரி சிஸ்டர்’ என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

நாற்பதை நெருங்கிய வயது. மெலிந்த, கறுத்த உடம்பு; அதற்குப் பொருந்தாத பெரிய ஆண்கள் குடை. பாறசாலைக்கு அப்பால் எல்லையோரத்து கிராமம் ஒன்றில் பிறந்தவர். வெளியூரில் நர்சிங்கில் மேற்படிப்பு படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்திருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தப்போக்கு என்று சிக்கல் உள்ள கர்ப்பிணிகளை மாதக்கணக்கில் படுக்கவைக்க அங்கே கட்டில்கள் போதவில்லை. வீட்டிலிருந்தே கவனிக்கக்கூடியவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாக அவரே கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் டவுன் பஸ் ஏறி வீடு வீடாகப் போவார். மற்ற நாட்களில் மாலை ஐந்து மணிக்கு டெலிபோன் செய்வார்.

என் மகள் முதல் பிரசவத்துக்குக் கரமனையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. என் மனைவி அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டிருந்தாள். தாய் செய்யவேண்டிய எல்லாவற்றையும் நானே செய்துவிடுவது என்று உறுதி எடுத்திருந்தேன். ஐந்தாம் மாதத்தில் சர்க்கரை கண்டது, ஆறில் ரத்த அழுத்தம் ஏறியது. அப்படித்தான் சிஸ்டர் எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

முதல் நாள் என் மகளைப் பார்த்து, “மக்ளே, மாத்திரை எப்பம் எடுக்க?” என்று கேட்டார். காலை எட்டு, இரவு எட்டு என்று நான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதே குரலில், அதே கேள்வியை என் மகளிடம் மறுபடியும் கேட்டார். காது சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, உரக்கச் சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்கத் தொடங்கியவர், நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சார், ஒரு சாய கெடைக்குமா? சீனி வேண்டாம்.”

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதுதான், என்னை அறையை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு சாயா கேட்டார். பாதிக்கு மேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

அவரை ஒரே வரியில் சொல்லவேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: நோயாளி தானே செய்யக்கூடிய எதையும் அவர் செய்துகொடுக்கமாட்டார். அவருடைய தியரி அதுதான். நீல அட்டை போட்ட நோட்டில் எனக்கு ஒருமுறை வரைந்து காட்டினார். ஒரு கோடு, இந்தப் பெண்ணின் உடம்புக்கு இப்போது என்னென்ன வேண்டும் என்பது. அதற்குக் கீழே இன்னொரு கோடு, அதில் எவ்வளவு அவளே செய்துகொள்ள முடியும் என்பது. இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் தட்டினார்.

“இந்த எடவெளி உண்டுல்லா சார், இங்கதான் எனக்க வேலை. இதுக்கு மேல கை வச்சா அவளுக்குள்ளத நான் களவாண்டதாட்டு ஆவும்.”

ஒரு தியரி என்றால் அது எதையாவது முன்கூட்டிச் சொல்லவேண்டும், உங்களுடையது என்ன சொல்கிறது என்று நான் கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

“என்ன நடக்கும்னு சொல்லாது சார். ஆரு என்ன செய்யணும்னு சொல்லும். அவ்வளவுதான்.”

இன்சுலின் போட ஆரம்பித்த நாள் நினைவிருக்கிறது. ஊசியைக் கொதிக்கவைத்து, மருந்தை அளவு மாறாமல் இழுத்து, பஞ்சோடு நான் தயாராக நின்றேன். சிஸ்டர் அதை என் கையிலிருந்து வாங்கி மகளின் கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் அழுதாள். ஊசியைத் தொடைக்குக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக அரைமணிக்கு மேல் ஆயிற்று. நான் இரண்டு முறை எழுந்தேன். சிஸ்டர் இரண்டு முறையும் என்னை உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மற்ற நேரம் முழுவதும் அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகள் குத்திக்கொண்டாள். பாராட்டி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. நோட்டைத் திறந்து ‘செய்ய முடியாதவை’ என்ற பத்தியில் ஒன்றை அடித்து, ‘செய்பவை’ என்ற பத்தியில் எழுதினார். அதைத் திருப்பி மகளிடம் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாய் இறந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சம்பளம் வாங்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கைகளை வேறு விதமாகவும் பார்த்திருக்கிறேன். ஒரு ஹர்த்தால் நாளில் பஸ் ஓடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீடுவரை நடந்தே வந்துவிட்டார். அடுத்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகவேண்டும் என்றார். என் ஸ்கூட்டரில் அழைத்துப்போனேன். மூடிக்கிடந்த கடைகளுக்கு நடுவே ஒரு அரிசிக் கிடங்கு, அதன் மாடியில் ஒற்றை அறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்த ஒருவரின் மனைவி அங்கே படுத்திருந்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்திருப்பதால் எப்போது வேண்டுமானாலும் ரத்தம் போகலாம், அவள் எழுந்து நடக்கவே கூடாது என்றார்கள். அந்த அறையில் சிஸ்டர் எல்லாம் செய்தார். மலசலப் பீங்கானை எடுத்துக் கொட்டினார், உடம்பு துடைத்தார், சிக்கெடுத்துத் தலை பின்னினார், அழுக்குத் துணியை அலசிக் கொடியில் போட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக்கொடுக்காத பெண்மணி இவர்தானா என்று இருந்தது.

“இவளுக்கு இப்பம் அசையப்பிடாது சார். அப்பம் இவளுக்க கை நானாக்கும்” என்றார் திரும்பும்போது.

அந்தப் பெண் நல்ல வாயாடி. “சிஸ்டரு வந்தா நான் ராணி. அவிய படி எறங்குனா இந்த மனுசன் ஒரு செம்புத் தண்ணி தரமாட்டாரு” என்று புருஷனை வைத்துக்கொண்டே சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். சிஸ்டர் அவரைக் கீழே கிடங்கு டெலிபோனுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் தன் மேசை டெலிபோனின் எண்ணைக் கரிக்கட்டியால் சுவரில் அவரையே எழுதவைத்தார். ஒரு சொட்டு கண்டாலும் யாருக்காகவும் காத்திராமல் அந்த எண்ணைச் சுற்றவேண்டும் என்று அவர் வாயாலேயே மூன்று முறை சொல்லவைத்துவிட்டுத்தான் ஸ்கூட்டரில் ஏறினார்.

எட்டாம் மாதத்தில் அசைவுத் தாள் வந்தது. மூன்று வேளையும் சாப்பிட்டபின் இடது பக்கமாகப் படுத்து, குழந்தை அசைவதை எண்ணவேண்டும். பத்து வந்ததும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கட்டத்தில் எழுதவேண்டும். இரண்டு மணி நேரத்தில் பத்து வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். நான் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வரைபடத்தாளில் அச்சுகள் போட்டு, புள்ளிகளைச் சேர்த்தால் போக்கு தெரியும்படி அழகாக ஒன்று தயாரித்தேன். சிஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு சார். ஆனா இதுல சார்தானே எழுதுவிய. எனக்கு அவளுக்க எழுத்து வேணும்.”

மகள் தன் கோணல் எழுத்தில் எழுதினாள். தாள் டெலிபோனுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. மாலை ஐந்து மணிக்குப் போன் வரும். நான் எடுப்பேன். “போனை மகளுக்க கையில குடுங்க சார்” என்பார், நலம் விசாரிப்பதற்கு முன்பே. அவள் குளித்துக்கொண்டிருந்தால் காத்திருப்பார். தூங்கினால் எழுப்பச் சொல்வார். கட்டத்தில் இருப்பதை நானே படித்துவிடுகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லிப்பார்த்தேன். ஒருமுறைகூட விட்டதில்லை.

ஒருமுறை தவிர.

வளைகாப்பு நடத்தவேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான். தாயில்லாத பெண் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. சிஸ்டரிடம் கேட்டேன். அவர் மகளிடம் கேட்டார். மகளுக்கும் ஆசை இருந்தது. சரி என்றார். மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு மணிக்கூர் அவளைப் பின்னறையில் விட்டுவிடவேண்டும், அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக்கூடாது என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். சாலைக் கடைத்தெருவில் வளையல் வாங்கினேன். சனிக்கிழமை காலையிலிருந்தே நாகர்கோவிலிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அவளைக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்கள். வெல்லப்பாகில் செய்த முந்திரிக்கொத்தை வாயில் திணித்தார்கள். ஒன்றே ஒன்று என்று நானும் ஊட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் அவள் படுக்கவில்லை. அன்று சிஸ்டர் வேறு வீடுகளுக்குப் போகும் நாள், போன் வராது. இரவும் எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வளையல் அடுக்கும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னறைக்குப் போய்ப் படுத்தாள். நான் எட்டிப்பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று மணி சுமாருக்கு டெலிபோன் பக்கம் போனபோது தாள் கண்ணில் பட்டது. நான்கு கட்டங்கள் காலி. சனி மத்தியானம், சனி இரவு, ஞாயிறு காலை, ஞாயிறு மத்தியானம். ஐந்து மணிக்குப் போன் வரும். நான் என்ன சொல்வேன்? தலையாட்டிவிட்டுச் செய்யவில்லை என்றா? என்னைச் சாயா போட அனுப்பிய அந்தப் பெண்மணியிடமா?

பேனாவை எடுத்தேன். 35. 42. 47. 38. எல்லாம் ஒரேமாதிரி இருந்தால் சந்தேகம் வரும், பத்தின் மடங்காக இருந்தால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். என் மாணவர்கள் செய்த தவறுகள் எதையும் நான் செய்யவில்லை. பிறகு வாசலுக்குப் போய், கிளம்பிக்கொண்டிருந்த சம்பந்திகளை வழியனுப்பிக்கொண்டு நின்றேன்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. போனை மகளிடம் கொடுக்கச் சொன்னார். தூங்குகிறாள், இரண்டு நாள் களைப்பு, எழுப்ப மனசு வரவில்லை என்றேன். எண்களைப் படித்தேன்.

“அவ எண்ணினாளா சார்?”

“அவள் சொன்னாள், நான் எழுதினேன்” என்றேன்.

“சரி. சார் சொன்னா சரி” என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மகள் என்னிடம் வந்து, அசைவே தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் கருவியை வயிற்றில் நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். துடிப்பு இல்லை. மறுநாள் இரவு அவள் இறந்த பெண் குழந்தையைப் பெற்றாள். எப்போது போயிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்லமுடியாது, சனிக்கிழமையேகூட இருக்கலாம் என்றார் அவர். அந்தச் சனிக்கிழமையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமையே போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியதால் கெட்டது எதுவும் இல்லை. பல வருடம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நான் தூங்கி எழுந்தேன்.

மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து தினமும் போன் செய்தார். யார் பொறுப்பு என்று கேட்டார். யாராவது ஒருவர் பொறுப்பாக இருந்தாகவேண்டும் என்று அவர் குரல் சொன்னது. நான் உட்கார்ந்து நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய கண்காணிப்பை, பயிற்சி இல்லாத நோயாளியிடம் ஒப்படைத்த பொறுப்பின்மை என்று எழுதினேன். என் படிப்பு எனக்கு அன்றைக்கு நன்றாக உதவியது.

விசாரணைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் மூன்று பேர். மறுபக்கம் நானும் மகளும். கோடியில் சிஸ்டர். மேசையில் அந்தத் தாள். மூத்த டாக்டர் அதை விரலால் தூக்கிப் பிடித்து, குழந்தை போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஒருவேளை போனபிறகும்கூட, முப்பத்தெட்டு நிமிடத்தில் பத்து முறை அசைந்ததாக எழுதியிருக்கிறது, சிஸ்டரின் தியரி இதற்கு என்ன சொல்கிறது என்று மலையாளத்தில் கேட்டார். வாயுவையும் தன் நாடித்துடிப்பையும் பிள்ளை என்று எண்ணியிருப்பாள் பாவம் என்றார் இன்னொருவர். என் மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் தனக்காக எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்க அனுமதி கேட்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

“மக்ளே, நீ எண்ணினியா?”

“எண்ணினாள்” என்றேன் நான்.

அவர் மறுபடி கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்த முதல் நாள் மூன்று முறை கேட்டவர். அன்றைக்கு அவர் முகத்தில் கோபம் இருந்தது என்று எழுத எனக்கு ஆசை. கோபம் இல்லை. எதையோ கூட்டிப்பார்த்து விடை கண்டுபிடித்த முகம்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஏற்பாட்டை ஆஸ்பத்திரி நிறுத்தியது. தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சிஸ்டரை நோயாளிகள் பக்கமே விடாமல் துணிக்கிடங்கில் போட்டார்கள். சில மாதத்தில் அவரே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று நான் விசாரிக்கவில்லை. அவருடைய பட்டியலில் இருந்த மற்ற பெண்கள் என்ன ஆனார்கள் என்றும் விசாரிக்கவில்லை.

மகள் மஸ்கட் போனாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கரு தங்கவில்லை.

சுமார் பத்து வருடம் கழிந்து பழைய மாணவர்கள் எனக்கு ஒரு விழா எடுத்தார்கள். ஒருவன் எழுந்து, சார் ஒரே ஒரு பொய் அளவைக்கூட விடமாட்டார் என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு கட்டங்களையும் நானே நிரப்பினேன், விசாரணையில் பொய் சொன்னேன், அந்த நர்ஸ் குற்றமற்றவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர் தாமாக விலகியவர், அந்தக் கோப்பு இப்போது இல்லை.

பழைய நர்ஸ் ஒருவரிடம் கேட்டு, சிஸ்டர் கழக்கூட்டத்தில் ஹோம் நர்ஸாக இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஏழாம் மாடியில் ஒரு பிளாட். கணவன் மனைவி இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். உள்ளே படுத்த படுக்கையாக ஒரு முதிய அம்மாள். கதவைத் திறந்த சிஸ்டருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. என்னைத் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை. உட்காரச் சொன்னார். தான் நின்றுகொண்டே கடிதத்தின் நகலைப் படித்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் சார்.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நான் மகள்கிட்ட கேட்டேன். பதில் சார் சொன்னிய. பிள்ளைய இழந்து நிக்கியவளுக்க முன்னால, உங்கப்பன் பொய் சொல்லியாருன்னு நான் எப்பிடி சொல்ல? போன்ல சாரை நம்புனது எனக்க மொதத் தப்பு. அங்க பேசாம இருந்தது ரெண்டாமத்தது.” கடிதத்தை மடித்தார். “அதுக்க வெல நான் மட்டும் குடுக்கல்ல. சாலையில அரிசிக் கிடங்கு மாடியில கெடந்தவள ஓர்மையிருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“எட்டாம் மாசம் ரெத்தம் போச்சு. அவளுக்க மாப்பிள சுவத்துல எழுதுன நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்காரு. என்னைய மாத்துன பெறவு அங்க ஆருமில்ல. மறுபடி மறுபடி அதையே கூப்பிட்டிருக்காரு. நான் சொன்னத அப்பிடியே செய்தாரு சார்.”

அவர் குரல் உயரவில்லை. பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று முடித்தார். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவன், அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கடிதத்தை என் பக்கம் நீட்டினார்.

“இத நான் வச்சு என்ன செய்ய? மகள்கிட்ட சொன்னியளா?”

இல்லை என்றேன்.

“அவ எண்ணாததுனாலதான் பிள்ள போச்சுன்னு இத்தன வருசமும் நெனச்சிட்டிருப்பா. அத மொதல்ல எடுத்து மாத்துங்க.”

உள்ளே அந்த அம்மாள் முனகினாள். சிஸ்டர் போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

அன்று மாலையே மஸ்கட்டுக்குப் போன் செய்தேன். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ எண்ணாதது உன் தவறில்லை, எண்ணவிடாமல் செய்தவனும் நான், அதை மறைத்தவனும் நான் என்றேன்.

“அப்பா, நான் எண்ணினேன்.”

என்றைக்கு என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை. சாப்பிட்டுட்டுப் போய்ப் படுத்தேன்லா, அப்ப. ரெண்டு மணிக்கூரும் எண்ணினேன். மூணுதான் வந்துது. எழுதலாம்னு எழுந்து வந்தேன். அங்க முப்பத்தெட்டுன்னு எழுதியிருந்துது. உங்க எழுத்து.” மகள் தொடர்ந்தாள். “அப்பா எழுதினா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் எண்ணத் தெரியல்லன்னு நெனச்சேன். நீங்க சிஸ்டருக்கு வாசிச்சதும் கேட்டுது. போய்ப் படுத்துட்டேன்.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“அன்னைக்கு அவங்க என்கிட்ட கேட்டப்ப மூணுன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். நீங்க சொல்லிட்டீங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை உயிரோடு இருந்திருக்கிறது. மூன்று முறை அசைந்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஸ்கூட்டரில் பத்து நிமிடத் தொலைவு.

மகள் இப்போதும் மாதம் ஒருமுறை கூப்பிடுகிறாள். என் உடம்பைப் பற்றிக் கேட்கிறாள். நான் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொள்கிறாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, நான் எப்படி இருக்கிறேன் என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

சிஸ்டரிடம் இதைச் சொல்லியாகவேண்டும் என்று இருந்தது; இரண்டு மாதம் கழித்துத்தான் கழக்கூட்டம் போக முடிந்தது. அந்த அம்மாள் இறந்துவிட்டார், பிளாட்டில் வேறு யாரோ சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஹோம் நர்ஸ்களை அனுப்பும் ஆபீசில், அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பாறசாலை தாண்டி அவர் ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டில், வடக்கே எங்கோ ஒரு நோயாளியோடு போயிருக்கிறாள், விலாசம் எழுதவில்லை என்றார்கள். நடந்ததை எழுதி உறையில் போட்டு அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறு வருடம் போனபோது, அந்த உறை பிரிக்கப்படாமல் அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அதற்கடுத்த வருடம் வீடு பூட்டிக்கிடந்தது.

எண்ணத் தெரியாதவள் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் முடிவு கட்டிய பெண், அவர் சொல்லிக்கொடுத்தபடியே, இடது பக்கம் படுத்து, சரியாக எண்ணியிருந்தாள். இது அவருக்குத் தெரியாது.